மணி அடிக்கக் காசில்லை

1870-71 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் ஒரு தந்திக் கம்பி போட்டார்கள். அது அப்படியே தெற்கே இறங்கிச் சிங்கப்பூருக்கும் போனது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அந்தக் கட்டணம் எப்படிக் கடித்தது என்பதற்கு, அந்தக் கால வணிகர்கள் கையில் வைத்திருந்த சங்கேத அகராதிகளே சாட்சி. சரக்கு வந்து சேர்ந்தது, விலை இறங்கிவிட்டது, இப்போது விற்காதே என்கிற முழுச் சேதியையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். சும்மா நலம் விசாரிக்க யாரும் தந்தி அடிக்கவில்லை. சாவு, சரக்கு, கடன் மாதிரி தலைபோகிற காரியங்களுக்குத்தான்.

இன்றைக்கும் சென்னைக்கும் பினாங்குக்கும் நடுவே கடலடியில் கம்பி கிடக்கிறது. 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' என்று பெயர், ஒளியிழைக் கேபிள். இதில் மனிதக் குரலுக்குக் கூலியே கிடையாது என்று சொல்லிவிடலாம். தொலைபேசி நிறுவனங்கள் பயன்படுத்தும் சுருக்க முறைகளில் ஒன்றில் வினாடிக்கு 8 கிலோபிட் போதும். அப்படியானால் ஒரு நிமிடப் பேச்சு 60 கிலோபைட். குடும்பக் குழுவில் பெரியப்பா தினமும் அனுப்பும் ரோஜாப்பூ காலை வணக்கம் அதைவிடப் பெரிது.

குரலின் விலை விழுந்தது நமக்கெல்லாம் வரம்தான். காரைக்குடியில் இருக்கும் பாட்டியோடு பினாங்கு ஜார்ஜ் டவுன் பேரன் மணிக்கணக்காகப் பேசுகிறான். ஆனால் தந்திக் கட்டணம் ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது: அவசியம் இல்லாதவனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அந்தக் காவல் போய்விட்டது. ஒரு லட்சம் பேரைக் கூப்பிட்டு, 99,990 பேர் திட்டிவிட்டு வைத்தாலும் மிச்சம் 10 பேர் ஏமாந்தால் கூப்பிட்டவனுக்கு லாபம். இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு இது விலைவாசிப் பிரச்சினையாகத்தான் படுகிறது. தொல்லை அழைப்பைத் தடுக்க உலகம் செய்து பார்த்ததில் பலித்தவற்றை எடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு வழியில் கூப்பிடுகிறவன் தலையில் செலவை ஏற்றியவைதான் பலித்திருக்கின்றன.

முதலில் அழைப்பைக் கிட்டத்தில் பார்ப்போம்.

காலை பத்து மணி. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் மளிகைக்கடையில் போன் அடிக்கிறது. எடுத்து "ஹலோ" என்கிறோம். பதில் இல்லை. மறுபடி "ஹலோ". இரண்டு வினாடி வெறும் காற்று. பிறகு ஒரு 'டிக்'. அதற்குப் பின்னால் ஒரு பெண்குரல், அல்லது பதிவுசெய்த மலாய்க் குரல்: "தெக்கான் சத்து." ஒன்றை அழுத்துங்கள் என்கிறது. சில நேரம் அதுவும் இல்லை, இணைப்பு அறுந்துவிடுகிறது. யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்று வைத்துவிடுகிறோம்.

யாரும் தவறாக அடிக்கவில்லை. அந்த இரண்டு வினாடிக்குள் ஒரு நூற்றாண்டுக் கணிதம் இருக்கிறது.

1908-இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஆக்னர் கிராரூப் எர்லாங் என்ற டேனிஷ் கணித வல்லுநர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு முன்னால் இருந்த கேள்வி எளிமையானது: ஓர் ஊருக்கு எத்தனை இணைப்புக் கம்பிகள் போட்டால் போதும்? ஆளுக்கொன்று போட்டால் கட்டுப்படியாகாது. குறைத்துப் போட்டால் எல்லாருக்கும் 'லைன் பிஸி'. அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வந்து விழுகின்றன என்றும், அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்றும் 1909-இல் அவர் எழுதிக் காட்டினார். இன்று தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகுக்கே எர்லாங் என்றுதான் பெயர்.

எர்லாங் போட்ட கணக்கு வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. கால் சென்டர்க்காரர்கள் அதைத் தலைகீழாக்கி, தங்கள் ஊழியர் காத்திருக்கக் கூடாது என்பதற்காகப் போட்டார்கள். ஊழியர் ஒவ்வோர் எண்ணாக அடித்து மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சம்பளம் வீண். ஆகவே 'பிரெடிக்டிவ் டயலர்' என்ற மென்பொருள், ஊழியர் எவரும் தயாராவதற்கு முன்பே எண்களை அடிக்கத் தொடங்கிவிடும். 10 ஊழியர்கள் இருக்கிறார்கள், நான்கில் ஒருவர்தான் போனை எடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். 40 எண்களை ஒரே நேரத்தில் அடித்தால் சராசரியாக 10 பேர் எடுப்பார்கள். ஆனால் சராசரி தினமும் வருவதில்லை. நிகழ்தகவுப்படி அது 7-க்கும் 13-க்கும் இடையில் சர்வசாதாரணமாக ஊசலாடும். 13 பேர் எடுத்துவிட்டால் 3 பேர் காதில் காற்றுதான். இதுவே 100 பேர் உட்கார்ந்திருக்கும் பெரிய கூடமாக இருந்து 400 எண்களை அடித்தால், எடுப்பவர்கள் பெரும்பாலும் 91-க்கும் 109-க்கும் நடுவே அடங்கிவிடுவார்கள். ஊசலாட்டம் 27 விழுக்காட்டிலிருந்து 9 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. கூடம் பெரிதாகப் பெரிதாக, இயந்திரத்தின் ஊகம் கூர்மையாகிறது.

அமெரிக்காவில் இதற்கு வரம்பே விதித்திருக்கிறார்கள்: எடுத்தவர் பேசிய 2 வினாடிக்குள் மறுமுனையில் ஆள் வந்துவிட வேண்டும், ஆள் வராமல் கைவிடப்படும் அழைப்புகள் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மோசடிக்காரனுக்கு எந்த விழுக்காடும் கிடையாது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றும் அந்த இரண்டு வினாடியில் நடக்கிறது. எடுத்தது மனிதனா, குரல் பதிவுப் பெட்டியா என்று இயந்திரம் காது கொடுத்துக் கேட்கிறது. மனிதன் "ஹலோ" என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்துவான். பெட்டி நீளமாக ஓதும். இதிலிருந்து நமக்கு ஒரு சின்னக் கை வைத்தியம் கிடைக்கிறது. தெரியாத எண்ணை எடுத்ததும் வாயைத் திறக்காமல் மூன்று எண்ணுங்கள். சொந்தக்காரராக இருந்தால் "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று அவரே கேட்பார். இயந்திரமாக இருந்தால், பல நேரம் குழம்பி வைத்துவிடும். 'இனி அழைப்பு வேண்டாம் என்றால் 9-ஐ அழுத்துங்கள்' என்று முகம் தெரியாத பதிவுக்குரல் சொன்னால் மட்டும் கையை வைக்காதீர்கள். இந்த எண்ணுக்குப் பின்னால் உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார், சொன்னதைக் கேட்கிறார் என்ற தகவல் விற்பனைச் சரக்கு.

நம் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறோம். பாதி நேரம் கிடைக்கவே வேண்டாம். முன்னொட்டை விட்டுவிட்டால் மிச்சம் 7 இலக்கம், அதாவது ஒரு கோடி சேர்க்கைகள். வினாடிக்கு 100 எண் அடிக்கும் இயந்திரம் அத்தனையையும் 28 மணி நேரத்தில் அடித்து முடித்துவிடும். மீதிப் பாதி நேரம், எண் பெயரோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும் வெளியே கிடக்கிறது. 2017 அக்டோபரில், மலேசியக் கைப்பேசி வாடிக்கையாளர்களின் 4 கோடியே 62 லட்சம் பதிவுகள் கசிந்தது தெரியவந்தது. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். இரண்டு சிம் வைத்திருந்தவர்களுக்கு இரண்டு முறை மானம் போனது. உங்கள் பெயரையும் முகவரியையும் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் அழைத்தவர் அதிகாரி ஆகிவிட மாட்டார்.

அடுத்த கேள்வி: திரையில் 04 என்று நம்மூர் எண்ணே தெரிகிறதே?

தபால் உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் தன் முகவரியை எழுதுவாரே, திரையில் தெரியும் எண்ணும் அப்படித்தான். எழுதியது உண்மையா என்று தபால்காரர் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 'சிக்னலிங் சிஸ்டம் 7' என்ற மொழி 1970-களின் பிற்பகுதியிலும் 80-களிலும் உருவானது. அப்போது நாட்டுக்கு ஒரு தொலைபேசி நிறுவனம், பெரும்பாலும் அரசாங்கத்துடையது. ஒருவரையொருவர் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணமே இல்லை, ஆகவே சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. பின்னர் இணையவழிப் பேச்சு வந்தது. அதில் 'அழைப்பவர்' என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். கதவில்லாத பழைய வீட்டுக்குள் ஊரே நுழைந்துவிட்டது.

இதற்கு மருந்து கணிதத்தில் இருக்கிறது. அழைப்பு புறப்படும் இடத்தில் நிறுவனம் தன் ரகசியச் சாவியால் மின்கையொப்பம் இட வேண்டும். சேரும் இடத்தில் பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் 2021-இல் இதைக் கட்டாயமாக்கின. தொல்லை ஒழிந்ததா என்றால் இல்லை. கையொப்பம் அழைப்பு எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்லும், பேசுகிறவன் யோக்கியனா என்று சொல்லாது. இந்தியா முரட்டு வழியில் போனது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு இந்திய எண்ணைக் காட்டினால் எல்லையிலேயே நிறுத்தும் அமைப்பை 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். முதல் 24 மணி நேரத்தில் 1 கோடியே 35 லட்சம் அழைப்புகளைத் தடுத்ததாக அரசு அறிவித்தது. ஒரு நாள் கணக்கு இது.

எண்ணைப் பொய்யாகக் காட்ட முடியாவிட்டால் நிஜ எண்ணையே வாங்கிவிடுவது அடுத்த உத்தி. டசன் கணக்கில் சிம் அட்டைகளைச் செருகிய பெட்டி ஒன்றை வாடகை வீட்டில் வைத்துவிட்டால், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியே வரும் பேச்சு உள்ளூர் எண்ணாக வெளியே போகும். மலேசியப் போலீஸ் இப்படிப்பட்ட பெட்டிகளைப் பிடித்திருக்கிறது. காரில் போலிக் கோபுரத்தை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிக் குறுஞ்செய்தி தூவியவர்களையும் பிடித்திருக்கிறது. போலிக் கோபுரம் பலிப்பதற்குக் காரணம் பழைய 2ஜி. அதில் கைப்பேசி தான் யார் என்று கோபுரத்திடம் நிரூபிக்க வேண்டும். கோபுரம் கைப்பேசியிடம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 2ஜியை அணைக்க வசதி உண்டு. அணைத்துவிடுங்கள்.

இனி, மனிதன் பேசும் கட்டம். மலேசியாவில் இதற்கு 'மக்காவ் மோசடி' என்று பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் தடைசெய்யப்பட்ட பொருள் இருக்கிறது, அல்லது வரி பாக்கி, அல்லது நீங்கள் வாங்காத கடன். நாம் மறுத்தவுடன், "அப்படியானால் போலீஸில் புகார் கொடுங்கள், இணைக்கிறேன்" என்று உதவிக்கு வருவார்கள். அடுத்த குரல் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் அதிகாரி. பின்னணியில் வாக்கி டாக்கிச் சத்தம்கூடக் கேட்கும். போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே, விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்கில் போட்டு வை. மூன்று கட்டளைகளில் நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. பயம் கவனத்தைக் குறுக்கும். குறுகிய கவனத்தை விரிக்கப் பக்கத்தில் ஒரு மனிதக் குரல் போதும். அந்தக் குரலை வெட்டுவதற்குத்தான் ரகசியம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கணக்காளர்கள்கூட விழுகிறார்கள். இது படிப்பறிவுக் குறைவு அல்ல.

ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சு இது:

"போலீஸ்லாப்பா கூப்பிட்டாங்க. உங்கிட்டகூடச் சொல்லக் கூடாதாம்."

"அம்மா, யாருகிட்டயும் சொல்லாதேன்னு ஒருத்தன் சொன்னா, அப்பவே எல்லாருகிட்டயும் சொல்லணும்மா."

பணம் போய்விட்டிருந்தால் 997. தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண் இது. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இங்கே நிமிடங்கள் பணம். போன தொகை 'கெல்டாய்' கணக்குகளில், அதாவது கமிஷனுக்கு யாரோ வாடகைக்குக் கொடுத்த வங்கிக் கணக்குகளில், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிக்கொண்டிருக்கும். தாவி முடிவதற்குள் மறிக்க வேண்டும். போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், முன்பு புகார் வந்திருக்கிறதா என்று தெரியும். புகாரே வராத புது எண் என்றால் தளம் ஒன்றும் சொல்லாது, அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் இல்லாத கடனைக் கேட்பவர்களைப் பற்றி. இருக்கிற கடனைக் கேட்பவர்கள் வேறு ரகம். அங்கே நமக்குச் சங்கடம் கூடுதல், ஏனென்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கடன் வசூலுக்கு ஜார்ஜ் டவுனில் தமிழர்களுக்கென்று ஒரு சரித்திரமே உண்டு. லெபோ பினாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையும் வைத்து, ஒரே கூரையின் கீழ்ப் பல மார்க்காக்கள், அதாவது வட்டிக்கடைகள், கொடுக்கல் வாங்கல் செய்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. வசூல் என்றால் ஆள் நடந்து போக வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், கடன்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்களை நான் புனிதர்களாக்கவில்லை. அடமானம் மூழ்கித் தோட்டம் கைமாறிய கதைகள் நிறைய. ஆனால் ஒரு நாளில் ஒருவரால் இத்தனை வாசல்தான் ஏற முடியும் என்ற வரம்பு அந்தத் தொழிலுக்குள்ளேயே இருந்தது. டயலருக்கு அந்த வரம்பு இல்லை. ஒரே கடன்காரனை ஒரே நாளில் இருபது முறை கூப்பிட அதற்குக் கால் வலிக்காது.

ஆகவே வரம்பைச் சட்டம் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2021 நவம்பரிலிருந்து ஒரு கடனுக்கு 7 நாளில் 7 அழைப்புக்கு மேல் போனால் அது தொந்தரவு என்று கருதப்படும். இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில், காலை 8-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், கடன் செயலிகள் நம் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. பட்டியலை உருவிக்கொண்டு மாமனாரிலிருந்து மேலதிகாரிவரை கூப்பிட்டு மானத்தை வாங்கிய செயலிகள் அங்கே சிலரைத் தற்கொலைவரை தள்ளியிருந்தன. மலேசியாவில் வசூல் முகவர் நிறுவனங்களை உரிமத்துக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. தாமதம்தான், இருந்தாலும் வந்தது.

வசூல்காரர் அழைத்தால் கேட்க வேண்டியவை: உங்கள் பெயர், நிறுவனம், எந்த வங்கிக்காக, எவ்வளவு, எந்தக் கணக்கு. எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நிஜ முகவர் அனுப்புவார். 'இன்றைக்கே கைது' என்று மிரட்டினால் அது பொய். அட்டைக் கடன் பாக்கி உரிமையியல் வழக்கு, அதற்குப் போலீஸ் வராது. வங்கி நம்மைத் திவாலாக்க மனுப்போடவும் பாக்கி குறைந்தது 1 லட்சம் ரிங்கிட் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரத்தைக் காக்கும் கடமை வங்கிக்குச் சட்டப்படி உண்டு. ஆகவே உங்கள் கடனை உங்கள் அத்தையிடம் விவரித்தால் நேரத்தையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்குப் பயன்படும். 1969-இலிருந்து இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நம்மூரிலேயே இருக்கிறது. கடனைக் கட்டவே முடியவில்லை என்றால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே-க்குப் போகலாம். தவணையைத் திருத்தி வங்கிகளோடு பேசித் தருவார்கள், கட்டணம் இல்லை. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் ஆலோங், அதாவது உரிமமில்லா வட்டிக்காரன், எண்ணை அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஆலோங்குக்கு அந்தச் சட்டம் பொருட்டே அல்ல, வீட்டு வாசலில் வீசும் சிவப்புச் சாயம்தான் அவன் நோட்டீஸ்.

பழைய கடன் ஒன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு அழைப்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி அட்டைக் கடன் போன்ற ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட 6 ஆண்டு. கடன் அழியாது, வழக்குத் தொடுக்கும் உரிமைதான் போகிறது. அதையும் நீதிமன்றம் தானாகக் கவனிக்காது, நாம்தான் எதிர்வாதத்தில் எழுப்ப வேண்டும். காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது "நல்லெண்ணத்துக்கு ஓர் ஐம்பது வெள்ளி போடுங்களேன்" என்று போனில் குழைவார்கள். போட்டால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். ஐம்பது வெள்ளியை அவர்கள் கேட்பது ஐம்பது வெள்ளிக்காக அல்ல.

கூப்பிடுகிறவனின் நேரத்தைத் தின்பது இன்னொரு வகைச் செலவேற்றம். பிரிட்டனில் ஓ2 நிறுவனம் 2024 நவம்பரில் டெய்சி என்ற செயற்கை நுண்ணறிவுப் பாட்டியை அறிமுகப்படுத்தியது. மோசடிக்காரர்களிடம் பூனையைப் பற்றியும் பின்னல் வேலையைப் பற்றியும் ஓயாமல் பேசுவதே பாட்டியின் வேலை. எனக்கு இந்தப் பாட்டியைப் பிடிக்கும், நம்பிக்கை மட்டும் வரவில்லை. அதே தொழில்நுட்பம் மறுமுனைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் அதிபர் பைடனின் குரலைப் போலி செய்து வாக்காளர்களுக்குத் தானியங்கி அழைப்புகள் போயின. அடுத்த மாதமே அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம் போலிக் குரலையும் தானியங்கி அழைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பேசுகிறவனே இயந்திரம் என்றால் எர்லாங் கணக்கு மாறிவிடுகிறது. கூடத்தில் 10 பேர்தான், 100 பேர்தான் என்ற எல்லை இருந்ததால்தான் அந்த இரண்டு வினாடிக் காற்று நம் காதில் விழுந்தது. இயந்திரப் பேச்சாளனுக்கு எண்ணிக்கை இல்லை. 400 பேர் எடுத்தால் 400 குரல் தயார். டிக் சத்தம் இருக்காது, தயக்கம் இருக்காது, தமிழிலும் பேசும்.

அப்போதும் ஒரு சமச்சீரின்மை நம் பக்கம் மிச்சம் இருக்கும். உள்ளே வரும் அழைப்பில் எந்த எண்ணையும் எழுதலாம். வெளியே போகும் அழைப்பு, நாம் அடித்த எண்ணுக்குத்தான் போகும். அவர்கள் அனுப்பிய செயலி எதையும் போனில் ஏற்றியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே வங்கி அழைத்தால் வைத்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை நாமே அடிக்க வேண்டும். லிட்டில் இந்தியாக்காரர்கள் அதுகூடச் செய்ய வேண்டாம். லெபோ பந்தாய் பக்கத்துத் தெரு, வங்கிகளெல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. "நேரிலேயே வந்துவிடுகிறேன், எந்தக் கிளை?" என்று கேட்டுப் பாருங்கள்.